மரணப் பள்ளத்தாக்கில் ஓடும் வீடு

வெளியூர்ப் பிரயாணம் என்றால் நமக்கு எத்தனை கவலைகள்! காஸை மூடினோமா, கொல்லைக் கதவைத் தாழிட்டோமா, பால்காரனிடம் சொன்னோமா என்று ரயில் நகர்ந்த பிறகும் மனசு வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இந்தக் கவலையே இல்லாமல் ஊர் சுற்றும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வீட்டையே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்! அடுப்பு, ஐஸ் பெட்டி, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளே இருக்க, அடியில் சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்கும். இதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ கலிபோர்னியாவில் இருந்தால், அங்கே போகும்போது இப்படி ஒரு வண்டியில் ஏறும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டலாம். வாடகைக்கு எடுத்த புது வண்டி என்றால் நிம்மதியாக உட்காருங்கள். ஆனால், "பழைய வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது, அம்மா! 1970-களில் செய்தது. பார்க்க எவ்வளவு அழகு!" என்று மாப்பிள்ளை பெருமையோடு காட்டினால், ஏறுவதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். வண்டி ஓட்டுவது அவராக இருக்கலாம்; நடு வழியில் அது நின்றால் பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்காரப் போவது நீங்கள்தானே?

அந்தப் பழைய வண்டிகளின் அழகை நான் குறை சொல்லவில்லை. அயோவா மாநிலத்தில் பாரஸ்ட் ஸிடி என்று ஒரு சின்ன ஊர். அங்கே வின்னபேகோ என்ற கம்பெனி 1966-ல் மோட்டார்ஹோம் செய்யத் தொடங்கியது. பக்கவாட்டில் பெரிய 'டபிள்யூ' எழுத்துப் போட்ட அதன் வண்டிகள் பிரசித்தமாகி, எந்த மோட்டார்ஹோமையும் வின்னபேகோ என்றே ஜனங்கள் அழைக்கும்படி ஆயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் 1973 முதல் 1978 வரை ஆகாய விமானம் போல் வளைந்த உடலோடு ஒரு வண்டி செய்தது. இந்த இரண்டு வகையிலும் இன்றைக்கும் ஓடுகிறவை பல உண்டு. அவற்றைச் சீராட்டிப் பாதுகாக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டை இழுக்க வேண்டுமென்றால் என்ஜின் சாமானியமாக இருக்க முடியுமா? ஏழு லிட்டருக்கும் மேற்பட்ட எட்டு ஸிலிண்டர் என்ஜின்கள். நம் ஊர் மாருதி 800 இருந்ததே, அதன் என்ஜினைப் போல் ஒன்பது பங்கு! ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மூன்று கிலோமீட்டர் போனால் அதிர்ஷ்டம். இவ்வளவு பெரிய அடுப்பைப் பல வண்டிகளில் எங்கே வைத்தார்கள் தெரியுமா? டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, வீட்டுக்குள்ளேயே! மேலே ஒரு மூடி போட்டுவிட்டு அதற்கு 'நாய்க்கூண்டு' என்று செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அந்த மூடியின் மேல் இட்லி மாவை வைத்தால் சாயங்காலத்துக்குள் பொங்கி வழிந்துவிடும். முன் இருக்கையில் உட்காருகிறவர் கெட்டியான செருப்புப் போட்டுக்கொள்வது நல்லது.

சரி, எங்கே போகப் போகிறோம்? மரணப் பள்ளத்தாக்குக்கு! பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். 1849-ஆம் ஆண்டின் கடைசியில், தங்கம் தேடி வந்த சிலர் வழி தவறி அதற்குள் சிக்கிக்கொண்டு பட்ட பாட்டினால் வந்த பெயர் அது. 1994-ல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஜனங்கள் சாரி சாரியாகப் போகிறார்கள். கோடையில் போவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பார்ஸ்டோ வழியாக வந்தால் பேக்கர் என்று ஒரு பாலைவன ஊர் வரும். பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம், அந்த உஷ்ணமானி மட்டும் இல்லாதிருந்தால். 134 அடி உயரத்தில் கோபுரம் போல் நிற்கிறது. 1991-ல் கட்டினார்கள். அதென்ன 134? பள்ளத்தாக்கில் பர்னஸ் க்ரீக் என்னுமிடத்தில் 1913 ஜூலை 10-ஆம் தேதி 134 டிகிரி பாரன்ஹீட் வெயில் பதிவாயிற்று. நம் கணக்கில் 56.7 டிகிரி. உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் பூமியிலேயே அதிக உஷ்ணம் அதுதான். 'பர்னஸ்' என்றால் உலை. உலை என்று பெயர் வைத்த ஊரில் போய் இறங்குகிறோம்!

பேக்கரிலிருந்து வடக்கே திரும்பி, ஷோஷோனி என்ற சிற்றூரைத் தாண்டி, கடைசியில் மேற்கே இறங்கினால், மஞ்சளும் பழுப்புமாக மடிப்பு மடிப்பான களிமண் குன்றுகள் தெரியும். ஸப்ரிஸ்கி முனை என்பார்கள். காலை வெயில் படும்போது பார்த்தால், கஞ்சி போட்ட சுங்கடிப் புடவையைக் கசக்கிப் போட்டாற்போல் இருக்கும். அப்புறம் பேட்வாட்டர்; கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்பு. எதிரே பார்த்தால் 11,000 அடிக்கு மேல் உயர்ந்த டெலஸ்கோப் சிகரம், குளிர்காலத்தில் பனி மூடி நிற்கும். உப்பில் நின்றுகொண்டு பனியைப் பார்க்கலாம்! பாறைகள் பல நிறத்தில் தெரியும் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ்' என்ற பாதையும் உண்டு. ஆனால் 25 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. மாப்பிள்ளையின் வண்டியை முதலிலேயே அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இது எல்லாம் இறக்கம். இறங்குவதில் என்ன கஷ்டம்? திரும்ப ஏற வேண்டுமே! மேற்கு வழியாக வெளியேற நினைத்தால், ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கும் ஸ்டோவ்பைப் வெல்ஸிலிருந்து 4,956 அடி உயரமுள்ள டௌன் கணவாய்க்குச் சுமார் 17 மைலில் ஏறியாக வேண்டும். இந்த ஏற்றத்தில்தான் பழைய வண்டிகள் தம் குணத்தைக் காட்டும். முதலில் ஒரு இருமல். பிறகு விக்கல். பிறகு "பக், பக்" என்று இரண்டு தரம் பெருமூச்சு விட்டுவிட்டு, நிசப்தம். பெட்ரோல் டாங்கி முக்கால் நிறைந்திருக்கும். பாட்டரி நன்றாக இருக்கும். ஆனால் வண்டி கிளம்பாது. அரை மணி நேரம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே, ஒன்றும் தெரியாத பிள்ளை போல் கிளம்பிவிடும்!

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பெட்ரோல் கொதித்துவிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதை 'வேப்பர் லாக்' என்கிறார்கள். ஆவி அடைத்துக்கொள்வது என்று பொருள்.

சமையலறையில் நிற்கும் உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஊட்டியில் அதற்கு முன்பே கொதித்துவிடுகிறது. அதனால்தான் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது. பிரஷர் குக்கரிலோ 120 டிகிரி ஆனாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும். அழுத்தம் கூடினால் தாமதமாகக் கொதிக்கும். பெட்ரோலுக்கும் அதே நியாயம்தான். ஆனால் பெட்ரோல் ஒரே திரவம் அல்ல. பல எண்ணெய்களின் கதம்பம். அதில் லேசானவை நாற்பது டிகிரிச் சூட்டிலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். கனமானவைக்கு இருநூறு டிகிரி வேண்டும்.

இப்போது வண்டியின் அமைப்பைப் பாருங்கள். டாங்கி பின்னால், என்ஜின் முன்னால். இரண்டுக்கும் நடுவே பதினைந்து இருபது அடி நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய், வண்டியின் அடிவயிற்றோடு, சில வண்டிகளில் புகைக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடும். பெட்ரோலைக் கொண்டுவரும் பம்பு என்ஜினோடு திருகப்பட்டிருக்கிறது. அடுப்பின் தோளிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோமே, அதேதான். உறிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்தில் சூடும் சேர்ந்தால், ஊட்டிப் பருப்புக் கதைதான்! பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவிக் குமிழியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. குமிழியை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். ஒரு சொட்டும் முன்னால் போகாது. கார்புரேட்டர் வறண்டு என்ஜின் நின்றுபோகும். குழாய் ஆறியதும் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும். அரை மணி நேர மர்மம் இதுதான்.

மலை ஏறும்போது இது வருவதற்குக் காரணமும் விளங்குகிறதல்லவா? வண்டி மெதுவாகப் போவதால் காற்று போதாது. என்ஜின் முழுப் பலத்தோடு உழைப்பதால் சூடு அதிகம். மேலே போகப் போக வெளிக் காற்றின் அழுத்தமும் குறைகிறது. எல்லாம் சேர்ந்து அந்தக் குழாயின் தலையில் விழுகின்றன.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கோடையில்தான் இந்தத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் குளிர்காலப் பெட்ரோல் வேறு, கோடைப் பெட்ரோல் வேறு. குளிரில் சுலபமாகப் பற்ற வேண்டும் என்று குளிர்காலத்தில் லேசான சரக்கை அதிகம் சேர்க்கிறார்கள். மார்ச் மாதம் சில நாட்களில் பள்ளத்தாக்கு நம் ஊர்த் தை மாதம் போல் சுகமாக வெதுவெதுப்பாக இருக்கும். டாங்கியிலோ குளிர்காலச் சரக்கு! போதாததற்கு அங்கே விற்கும் பெட்ரோலில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. இதுவும் சீக்கிரம் ஆவியாகிற குணத்தைக் கூட்டும். 1970-களில் அந்த வண்டியைச் செய்தவர்கள் மனத்தில் வைத்திருந்த பெட்ரோல் இது அல்ல.

அப்படியானால் என்னதான் வழி?

கை வைத்தியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது நம் துறை! துணி உலர்த்தும் மரக் கிளிப்புகள் ஒரு டஜன் வாங்கிப் பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டுவது அமெரிக்கப் பெரியவர்களின் பழைய வைத்தியம். மரம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. மரத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. என் அபிப்பிராயம், கிளிப்புகளைத் தேடி எடுத்து மாட்டி முடிக்கிற நேரத்தில் என்ஜின் தானே ஆறிவிடுகிறது. கிளிப்புக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது! ஈரத் துணி அப்படியல்ல. அதில் நியாயம் இருக்கிறது. பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத் துணியைச் சுற்றினால், தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கொடைக்கானல் மலைப் பாதையில் பழைய கார் டிரைவர்கள் இதைச் செய்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் வாளியோடு தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் காணும்.

நிரந்தர வைத்தியம் வேறு. உறிஞ்சுவதுதானே வினை? உறிஞ்சாமல் தள்ளிவிட்டால்? டாங்கிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மின்சாரப் பம்பைப் பொருத்தி, பெட்ரோலைப் பின்னாலிருந்து தள்ளச் செய்கிறார்கள். குழாய் முழுவதும் அழுத்தம் ஏறி நிற்கும். ஊட்டி குக்கராகிவிடும்! பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய காரியங்களில் இதற்கு ஈடு இல்லை என்பேன். இதில் ஒரு நிபந்தனை உண்டு; மாப்பிள்ளையிடம் இதை மட்டும் நீங்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். "என்ஜின் நின்றால் இந்தப் பம்பு தானாக நிற்குமா?" என்ஜின் ஆயிலின் அழுத்தம் இருந்தால்தான் ஓடும்படி அந்தப் பம்புக்கு ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், எங்காவது மோதிக் குழாய் அறுந்தாலும் பம்பு பாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். என்ஜின் வீட்டுக்குள் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சின்ன வேலைகள்தான். குழாயைப் புகைக் குழாயிலிருந்து விலக்கிப் போடலாம். விலக்க முடியாத இடத்தில் சூடு தாக்காத உறை போடலாம். கார்புரேட்டருக்கு முன்னால் மூன்று வாயுள்ள வடிகட்டி ஒன்று வைத்து, மூன்றாவது வாயிலிருந்து டாங்கிக்குத் திரும்பும் சின்னக் குழாய் விடலாம். உண்டாகிற ஆவி அந்த வழியே போய்விடும். பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றச் சொல்லுங்கள். எத்தனாலுக்கு அவை சீக்கிரம் வெடித்துப் போகின்றன. வெடித்த ஸ்ட்ராவில் இளநீர் வருமா? சில சமயம் ஆவியின் மேல் வீண் பழி விழுவதும் உண்டு. அழுக்கடைந்த வடிகட்டியும், காற்றுத் துவாரம் அடைந்த டாங்கி மூடியும் இதே விக்கலைக் கொடுக்கும். காசு அதிகம் ஆகாத இவற்றை முதலில் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

1980-களின் கடைசியில் இந்தப் பெரிய என்ஜின்களுக்கும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் முறை வந்தது. பம்பு டாங்கிக்குள்ளேயே போய்விட்டது. புது வண்டியில் நிம்மதியாக உட்காருங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

பிரயாணத்தன்று என்ன செய்வது? விடியற்காலையில் கிளம்புங்கள். சமையலை முன்னிரவே முடித்து வையுங்கள். புளியோதரை பாலைவனத்துக்கும் ஏற்ற பட்சணம்தான். ஸ்டோவ்பைப் வெல்ஸில் பெட்ரோல் கிடைக்கும். காலையில் டாங்கியை நிரப்பிக்கொள்ளட்டும். நிறைந்த டாங்கி சீக்கிரம் சூடாகாது. ஏற்றம் தொடங்கியதும் குளிர்சாதனத்தை நிறுத்திவிட வேண்டும். உஷ்ணமானியின் முள் மேலே ஏறினால் இன்னும் ஒரு காரியம் உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். ஹீட்டரைப் போட வேண்டும்! பாலைவனத்தில் ஹீட்டரா என்றால், ஆமாம். என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஈரக் கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறட்டும். பின்னால் வரும் கார்க்காரர்கள் முகத்தைக் காட்டினால் ஒதுங்கி வழி விடலாம். மான நஷ்டம் ஒன்றுமில்லை. இதே பள்ளத்தாக்கிலிருந்து 1880-களில் போராக்ஸ் உப்பை மோஹாவி ரயிலடிக்கு வண்டிகளில் கொண்டு போனார்கள். பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் இழுக்க, 165 மைல் போகப் பத்து நாள். கூடவே 1,200 காலன் தண்ணீர் நிரப்பிய தொட்டி வண்டி ஒன்றும் போயிற்று. அவர்களைப் பார்த்தால் நம் வண்டி வாயுவேகம், மனோவேகம்!

அப்படியும் நின்றுவிட்டால்? என்ஜின் நின்ற மறுகணம் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்குக் கிடைத்த உதவியும் போய்விடும். மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி, வேகம் இருக்கும்போதே வண்டியை ஓரம் கட்ட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்; அந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். குழந்தைகளை இறக்கி, சாலையை விட்டு விலகி, வண்டியின் நிழல் விழும் பக்கமாக உட்கார வையுங்கள். பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் டெலிபோன் எடுக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டர் தண்ணீர் கையில் வேண்டும் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. அதைக் குறைக்காதீர்கள்.

அந்தச் சமயத்தில் சில ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வீரம் வரும். நாய்க்கூண்டைத் திறந்து, டம்ளரில் பெட்ரோலை எடுத்துக் கார்புரேட்டரில் நேரே ஊற்றிக் கிளப்பிவிடலாம் என்பார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்! என்ஜின் ஒரு தரம் திருப்பித் தும்மினால் தீ வீட்டுக்குள்தான் எழும்பும். கொதிக்கிற டாங்கியின் மூடியைத் திறப்பதும் அதே ஜாதி வீரம்தான். பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போன்ற உத்தமமான வைத்தியம் அந்த வேளையில் வேறு கிடையாது. வீட்டையே கொண்டு வந்திருக்கிறீர்களே, காபி இருக்கும், சீட்டுக்கட்டு இருக்கும்!

கணவாயின் உச்சிக்கு வந்து சேர்ந்ததும் உடனே என்ஜினை அணைத்துவிடவும் கூடாது. ஓட்டம் நின்றதும் காற்றாடியும் நின்று, என்ஜினில் தேங்கிய சூடெல்லாம் கார்புரேட்டருக்கு ஏறிவிடும். ஐந்து நிமிஷம் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் நீங்கள் இறங்கி மேற்கே பாருங்கள். காலடியில் சாலை பானமின்ட் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அடியில் வற்றிப்போன ஏரி வெளுத்துக் கிடக்கிறது. அதற்கு அப்பால் மலைக்குப் பின்னால் மலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் அந்த வழியில் இல்லை. இறங்கும்போது மட்டும் மறுபடி தாழ்ந்த கியர். இந்தத் தடவை என்ஜினுக்காக அல்ல, பிரேக்குக்காக.